சொட்டுத் தண்ணீரை ருசி பார்த்தவர்

முட்டாள்தனத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன். போடியிலிருந்து மலையேறும் கூலி ஜீப்பில் பதினான்கு பேர் அடைந்து உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெண் தன் பிழைப்புக்காக ஊரார் கூரையில் ஓட்டை போடுகிறார் என்று சொன்னவன் நான். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. என்ஜின் சத்தத்தைத் தாண்டிப் பின்சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். அப்போது நான் தொண்ணூற்று நான்கு கிலோ. அதில் முக்கால் பங்கு தொப்பை. மூளை எவ்வளவு தேறும் என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் பெயரை எழுதப் போவதில்லை. நான் வாங்கிக் கொடுத்த பெயரே அவருக்குப் போதும். போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

போடியில் ஒரு செல்போன் கடை வைத்திருந்தேன். அதை வெற்றிகரமாக இழுத்து மூடியபிறகு மாமனார் பார்த்தார். மகளையும் மருமகனையும் தன் நாலு ஏக்கர் ஏலத்தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். மலைக் கணவாயான மெட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் நீளமாக ஒரு கட்டடம். முன்னால் இரண்டு அறை, அது வீடு. பின்னால் ஒரு பெரிய அறை. அதில் அடுப்பு மூட்டி, அந்தச் சூட்டில் பச்சை ஏலக்காயை உலர்த்த வேண்டும். வீட்டுக்கும் காய் அறைக்கும் சேர்த்து மேலே ஒரே தகரக் கூரை.

"தோட்டத்தைப் பத்தி நான் சொல்றது உங்களுக்குப் புரியாது மாப்ளே," என்றார் மாமனார், மிகவும் மரியாதையாக. "கூரையை மட்டும் வருசத்துக்கு ரெண்டு வாட்டி அந்தப் புள்ளைகிட்ட காட்டிருங்க. பதினெட்டு வருசமா ஒரு தகரம் மாத்தல."

அந்தப் பிள்ளைக்கு அப்போதே ஐம்பதை ஒட்டி இருக்கும்.

சித்திரையில் ஒரு காலை, நான் கூப்பிடாமலேயே வந்து நின்றார். உரச்சாக்கில் தைத்த ஒரு பை. அதற்குள் ஒரு தார் டப்பா, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷுகள், ஒரு சுத்தியல், சைக்கிள் டியூபை வட்ட வட்டமாக வெட்டிக் கோத்த ஒரு மாலை. கூரையில் தகரத்தை இறுக்கியிருக்கும் போல்ட்டுகளுக்கு அடியில் வைக்கிற வாசர்கள் அவை. அது போக, வாய் இறுகக் கட்டிய ஒரு சின்னத் துணி முடிச்சும் உண்டு. அதை அவர் அவிழ்த்து நான் பார்த்ததில்லை. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. என் சந்தேகம் அந்த முடிச்சில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

"ஏணி கொண்டாங்கண்ணே," என்றார்.

கொண்டுவந்து சாய்த்தேன். அவர் ஏறவில்லை. ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏறுங்க."

"நான் எதுக்குக்கா?"

"ஏணி உங்களுதுதானே?"

நான் நாலு படி ஏறினேன். ஏணி முனகியது, ஆனால் உடையவில்லை. "சரி, எறங்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஏறினார். அவருடைய ஒன்பது வீடுகளிலும் இதுதான் நடைமுறை என்று பிறகு கேள்விப்பட்டேன். மேட்டு வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு படி ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஏணியை நம்பமாட்டார். ஏணிக்காரனையும் நம்பமாட்டார். புது வாசரைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்காமல் போடமாட்டார். தார் டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் குச்சியில் தொட்டுக் கல்லில் தடவி, வெயிலில் வைத்துவிட்டுத்தான் சோலியைத் தொடங்குவார். செல்போனில் மழை வராது என்று போட்டிருக்கிறது என்றேன். "போனு கூரை மேலயா கெடக்கு?" என்றார். செல்போன் வியாபாரத்தில் தோற்றவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

வேலை என்னவோ சுத்தம்தான். வெறுங்காலோடு, போல்ட் வரிசை மேலேயே மிதித்து நடப்பார். அங்கேதான் அடியில் மரச்சட்டம் தாங்கும், மற்ற இடத்தில் மிதித்தால் தகரம் சப்பும், சப்பிய குழியில் தண்ணீர் தங்கும், தங்கிய இடத்தில் துரு பிடிக்கும். நிழல் மரத்திலிருந்து விழுந்த இலையை மடிப்பு மடிப்பாகக் கூட்டி அள்ளுவார். பாசியைப் பிரஷ்ஷால் தேய்ப்பார். ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் சுண்டி, ஆடுகிறதைக் கழற்றி வாசர் மாற்றி முறுக்குவார். துரு முளைவிட்ட இடத்தைச் சுரண்டிச் செங்காவி பெயிண்ட்டைத் தொட்டு வைப்பார். "ஆம்பளைக ஏறுனா தகரம் தாங்காது. நான் நாப்பத்திரெண்டு கிலோ," என்று ஒருமுறை சொன்னார். சொல்லும்போது என் இடுப்பைப் பார்க்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

இடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கிற சாதி. நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அவருக்கு இடுப்பு விட்டுப்போய் ஐந்து வருடம். குத்தவைக்க முடியாது. ஏறலாம், நடக்கலாம். ஆகவே அந்த ஒன்பது கூரைதான் அவருக்குச் சோறு. இது எனக்கு முதல் நாளே தெரியும். மனைவி சொல்லியிருந்தாள். தெரிந்தும்தான் ஜீப்பில் வாயைத் திறந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மாலை இறங்கி, கையில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சதாக்கா?"

"மழை பேயட்டும்," என்றார்.

வேலை முடிந்தது என்று அவர் சொல்லிக் கேட்டவர் அந்த மலையில் ஒருவருமில்லை. எனக்கோ அந்தப் பதில் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி இருந்தது. ஒழுகாத கூரைக்கு எதற்கு மூன்று நாள் வேலை? மழை பெய்தால் என்ன ஆகுமாம்? என்ன ஆகும்படி செய்துவைத்திருக்கிறார்?

மழை பெய்தது. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி முழுக்கக் கொட்டியது. முன்னறையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சொட்டியது. ஆவணியில் அடுத்த முறை அக்கா வந்தபோது ஆவலோடு காட்டினேன். அவர் சொட்டுக்கு நேராக உள்ளங்கையை நீட்டி, தேங்கிய தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தார்.

"குடிக்கத் தண்ணி வேணும்னா கேளுங்கக்கா, தர்றோம்," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சப்புக் கொட்டினார். "போல்ட்டுத் தண்ணி புளிக்கும். பாசித் தண்ணி மண்ணாட்டம் இருக்கும். தார் வெடிச்சு வந்தா கசக்கும். இது போல்ட்டு." ஏறினார். நேர் மேலே இல்லாமல் இரண்டு முழம் தள்ளி ஒரு போல்ட்டைக் கழற்றினார். வாசர் கிழிந்திருந்தது. அன்றோடு அந்தச் சொட்டு நின்றது.

சராசரி மனிதன் இதைப் பார்த்து வியந்திருப்பான். நான் யோசித்தேன். எந்தப் போல்ட் என்று இவ்வளவு சரியாக எப்படித் தெரியும், தானே கிழித்து வைத்திருந்தால் ஒழிய?

அடுத்த வாரம் காய் எடுப்பு தொடங்கியது. முதல் தடவையாக நானே அடுப்பு மூட்டிப் பச்சைக்காயை உலரப் போட்டேன். மறுநாள் கதவைத் திறந்தால், உள்ளே மழை. கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அது சொட்டுச் சொட்டாகக் காய்மேல் விழுந்து, விழுந்த இடமெல்லாம் பச்சை போய் வெளுத்துப் புள்ளி விட்டிருந்தது. புள்ளி விழுந்த காயை ஏலத்தில் யாரும் மோந்துகூடப் பார்க்கமாட்டார்கள். முன்னறைக் குடையை எடுத்துவந்து காய்மேல் விரித்துவைத்தேன். சிரிக்க வேண்டாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அக்காவை வரவழைத்தோம். காய் அறைக்கு நேர் மேலே அரை நாள் தவழ்ந்து பார்த்தார்.

"மேல ஒண்ணும் இல்லண்ணே. உள்ள பாக்கணும். சாவி கொண்டாங்க."

காய் அறைச் சாவியை நான் மனைவியிடமே கொடுப்பதில்லை. ஏலக்காய் என்பது மூட்டையில் கட்டிய நகை. அன்னியர் ஒருவரை, அதுவும் வாய் கட்டிய துணி முடிச்சோடு திரிகிறவரை, உள்ளே விடுவேனா? "சாவி மாமனார்கிட்ட போடியில இருக்கு," என்றேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவர் என் இடுப்பைப் பார்த்தார். இந்த முறை நிச்சயமாகப் பார்த்தார்.

"அப்ப மேலயிருந்து செய்ய முடிஞ்சதை நாளைக்குச் செய்றேன்," என்று சொல்லிவிட்டு மதிய ஜீப்பைப் பிடித்தார்.

மேலிருந்து என்ன செய்வார்? மறுநாள் நான் போடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் ஏலச் செடிகளுக்குள் பதுங்கினேன். தொண்ணூற்று நான்கு கிலோ பதுங்குவது எளிதல்ல. ஒரு செடி சாய்ந்தது. கால் வழியாக அட்டைகள் ஏறின. ஒன்று முழங்காலைத் தாண்டி மேலே போனபோதும் சத்தம் போடாமல் பல்லைக் கடித்தேன். கடமை என்றால் அப்படி.

கண்ணால் பார்த்தேன். அக்கா கூரையின் உச்சிக்குப் போனார். இரண்டு பக்கத் தகரமும் சேரும் இடத்தை மூடியிருக்கும் முகட்டுத் தகட்டில் கை வைத்தார். போல்ட்டுகளை வரிசையாகத் தளர்த்தினார். உளியைக் கொடுத்து நெம்பினார். நன்றாக இருந்த தகடு வாயைப் பிளந்தது. அந்தச் சந்தில் சின்னச் சின்ன மரத்துண்டுகளைச் சொருகி, அது மூடாதபடி முட்டுக் கொடுத்தார். பட்டப்பகலில், பீடி பிடிக்கிறவர் நிதானத்தோடு, என் கூரையைத் திறந்துவைத்தார்.

நான் எழுந்து ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லியிருப்பார். ஆனால் துப்பு துலக்குகிறவன் நடுவில் எழுந்து கேட்பானா?

அன்று மாலை அவர் போனதும் நானே ஏறினேன். சட்டம் எது, சட்டமில்லாத இடம் எது என்று பார்க்காமல் நடந்ததில் மூன்று இடத்தில் தகரம் சப்பியது. மரத்துண்டுகளைப் பிடுங்கி எறிந்து, முகட்டுத் தகட்டைப் பழையபடி அடித்து இறுக்கினேன். அடுத்த சுற்றுக் காயை உலரப் போட்டேன். சொட்டியது. முன்னைவிட அதிகமாகச் சொட்டியது. அந்தத் தடவை பாதிக் காய் போனது. மாமனாருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் போடிக்குப் போய், ஒன்றும் சொல்லாமலேயே திரும்பி வரும்போதுதான், டிரைவர் தம்பி கேட்டான்.

"என்னண்ணே, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?"

சொன்னேன். உளி, தகடு, முட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "ஓட்டையை இவுகளே போடுறது, அப்புறம் அடைக்க இவுகளையே கூப்பிட வைக்கிறது. இதான் தொழிலு," என்று முடித்தேன். ஜீப்பே உச்சுக் கொட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் நான் பேசியதை அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. வளைவுக்கு வளைவு ஒருவர் இறங்கினார். அந்தக் கதையை ஆளுக்கொரு பாதியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகல், வாசலில் அக்கா நின்றார். கையில் பை இல்லை.

"ஒம்பது வீட்டுல ஏழு வீடு இனி வரவேணாம்னு சொல்லிருச்சு," என்றார் என் மனைவியைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை. "வாத்தியார் வீட்டுல ஏணியை உள்ள தூக்கி வச்சுட்டாக. நான் சண்டைக்கு வரல ஆத்தா. அந்தக் காய் அறையை ஒரு தடவை பாக்கணும். பாத்துட்டுப் போயிர்றேன்."

"சாவி மாமனார்..." என்று ஆரம்பித்தேன்.

என் மனைவி என் சட்டையை விலக்கி, அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை உருவினாள். திருமணத்தன்று நான் தாலி கட்டியதைவிட வேகமான வேலை அது.

காய் அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே பளீரென்ற வெயில். மூன்று நாளாக மழையே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அக்கா உள்ளங்கையை நீட்டினார். நாக்கில் வைத்தார். இம்முறை கண்ணை மூடவில்லை. கையை அப்படியே என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நீங்களும் பாருங்க."

"நான் எதுக்குக்கா?"

"கூரை உங்களுதுதானே?"

நக்கினேன். பாயசம் ஞாபகம் வந்தது. அந்தத் தண்ணீரில் ஏலக்காய் மணந்தது.

"இது வானத்துத் தண்ணி இல்ல," என்றார். "காய்த் தண்ணி. பச்சைக்காய் சூட்டுக்கு ஆவி விடும். அந்த ஆவி வெளிய போக வழி இல்லாம தகரத்துல முட்டி, குளுந்து, திரும்பக் காய் மேலயே விழுகுது. முகட்டுத் தகட்டைத் தூக்கையில அடியில நனைஞ்சு கெடந்துச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு, உள்ள மூச்சு முட்டுதுன்னு. அதான் முகட்டைக் கொஞ்சம் தொறந்து விட்டேன். ஆனா ஆவி போறதுக்கு இங்க சொவத்துலயே பெரியவரு சந்து விட்டுருந்தாரே..."

அண்ணாந்து பார்த்தார். சுவர்கள் நாலிலும், கூரைக்குக் கீழே வரிசையாகச் சந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோணிச்சாக்கு, சுருட்டி, கச்சிதமாக அடைத்திருந்தது.

"இதை யாரு வச்சது?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அடுப்புகூட என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

நான்தான். காய் எடுப்பு தொடங்குவதற்கு முதல் நாள், மனைவி குளிக்கப் போன நேரத்தில் ஏறி அடைத்தேன். உலரும் ஏலக்காயின் வாசம் சந்து வழியாக வெளியே போனால், தெருவில் போகிற திருடனுக்குப் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு சந்தேகம். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் நானே மறந்தும் போனேன்.

"ஏங்க, அந்தத் திருடன் வந்திருந்தாக்கூட பாதிக் காயைத்தானே எடுத்திருப்பான்," என்றாள் மனைவி.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு சாக்கை மட்டும் உருவி என் கையில் கொடுத்தார். சந்திலிருந்து ஆவி புகை மாதிரி வெளியே போனது. "மேல ஏறி மிதிச்சதும் நீங்கதானா? மூணு குழி தெரியுது."

"ஆமாக்கா."

"முகட்டை அடைச்சது?"

"அதுவும்."

"ஜீப்புல சொன்னது?"

நான் தலையை ஆட்டினேன்.

"அதை ஜீப்புலயே சொல்லிருங்க. வீடு வீடா வந்து சொல்ல வேணாம்." படியிறங்கிப் போய்விட்டார். டீ வைக்கிறேன் என்று மனைவி சொன்னதும் காதில் விழவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்துக்குப் போடிக்கு இறங்கி, அதே ஜீப்பில் ஏறினேன். "இன்னிக்கு யாருண்ணே ஓட்டை போட்டது?" என்றான் டிரைவர். சொன்னேன். கெட்டதைச் சொன்னபோது என்ஜினை மீறிக் கேட்ட குரல், நல்லதைச் சொல்லும்போது எனக்கே கேட்கவில்லை. இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்கள். பின்சீட்டிலிருந்த ஓர் அம்மா, "அப்ப நீ நக்கிப் பாத்தியா அப்பு?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். சிரித்த சிரிப்பில் ஜீப்பு அடுத்த வளைவு வரை நிமிரவில்லை. அன்றைக்கு ஏறியவர்களில் பாதிப் பேர் நான் முதலில் புரளி சொன்னபோது இருந்தவர்கள் இல்லை. ஆகவே அந்த வாரம் முழுக்க, ஒவ்வொரு காலையும் ஒரு ஜீப்பில் ஏறி, என் முட்டாள்தனத்தை நானே விளம்பரம் செய்தேன். மலையில் எனக்குச் சாக்கண்ணன் என்று பெயர் நின்றுவிட்டது. இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஏழு வீட்டில் ஆறு வீடு திரும்பக் கூப்பிட்டது. வாத்தியார் வீடு கூப்பிடவில்லை. நான் நேரில் போயும் பார்த்தேன். "நீங்க சொல்றது சரிதான் தம்பி, இருந்தாலும்..." என்றார். அந்த 'இருந்தாலும்' என்னுடைய சரக்கு. எனக்குத் தெரியாதா? அடுத்த மழைக்கு முன் அந்தக் கூரைமேல் வேறு யாரோ ஓர் ஆள் செருப்புக் காலோடு நடப்பதைப் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவரும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடப்பார்.

இப்போது அவர் மகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. அவர் தொட்டுப்போன தகரம் இன்னும் தலைமேல் இருக்கிறது. சித்திரையில் நானே கீழே நின்றுகொண்டு நீளத் துடைப்பத்தால் இலையைத் தள்ளுகிறேன். ஏறுவதில்லை. அந்தத் துணி முடிச்சில் என்ன இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

கடைசியாக நினைவில் நிற்பது, அந்தக் கூத்துக்கு அடுத்த சித்திரை. கூப்பிட்டால் வருவாரோ என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே வந்தார். பை இருந்தது. முடிச்சும் இருந்தது. நான் கேட்கும் முன்பே ஏணியைச் சாய்த்து, நாலு படி ஏறி இறங்கினேன். அவர் ஏறினார். நான் மிதித்துச் சப்பவைத்த மூன்று குழிகளையும் அடியிலிருந்து மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். முகட்டை அளவாகத் திறந்து முட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாள் மாலை கீழே இறங்கி, மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் துடைக்க உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அரைஞாணிலிருந்து காய் அறைச் சாவியைக் கழற்றி அவர் பை மேல் வைத்தேன்.

"அக்கா, இனிமே உங்களைப் பத்தி என் வாயிலருந்து தப்பா ஒரு வார்த்தை வராது. என்னை நம்பலாம்."

அவர் சாவியைப் பார்த்தார். தார் ஒட்டிய விரலால் அதை என் பக்கம் நகர்த்தினார்.

"மழை பேயட்டும்ணே."